தாயும் அறியாத முதல் நாட்கள்

எல்லாப் புகழும், கருவறைகளில் தான் நாடியவாறு நம்மை வடிவமைத்த அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகும், ஒரு வாலிபர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் வேலை பார்ப்பவர். நாற்பது நாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

"கேளுங்க தம்பி."

"வீட்டில் உண்டாகியிருந்தாள். தெரிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கலைந்துவிட்டது. கிரகணத்தன்று முற்றத்துக்கு வந்தாள், அதனால்தான் என்று எங்கள் பெத்தும்மா சொல்கிறார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாள் என்று உம்மா சொல்கிறார்கள். அவள் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டே கிடக்கிறாள். குற்றம் அவள் மேல்தானா ஹஜ்ரத்? அவள் தொழ வேண்டுமா, விட வேண்டுமா? அடுத்த தடவைக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

மூன்று கேள்விகள். மூன்றும் நம் வீடுகளில் அடிக்கடி எழுபவை. ஆனால் வாய்விட்டுக் கேட்கப்படுவது அரிது. பிறந்த குழந்தைக்கு பாங்கு சொல்வதையும், பெயர் வைப்பதையும், அகீகாவையும் பற்றி மிம்பரில் நிறையப் பேசுகிறோம். அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி, ஆலிம்களாகிய நாங்களே பேசாமல் இருந்துவிட்டோம். அந்தத் தம்பிக்குச் சொன்னதைச் சற்று விரித்து, எல்லா வீடுகளுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

இலேசான சுமை

திருக்குர்ஆனின் அல் அஃராஃப் அத்தியாயத்தில் 189ஆவது வசனத்தைக் கவனியுங்கள். கணவனும் மனைவியும் கூடிய பின் அவள் இலேசான ஒரு சுமையைச் சுமக்கிறாள், அதைச் சுமந்தபடியே நடமாடித் திரிகிறாள் என்றும், சுமை கனத்த பிறகு இருவரும் நல்ல குழந்தையை வேண்டித் தங்கள் இரட்சகனிடம் கையேந்துகிறார்கள் என்றும் அவ்வசனம் கூறுகிறது.

கர்ப்பம் என்றால் கனத்த வயிறுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அல்லாஹ் அதற்கு முந்திய ஒரு பருவத்தைத் தனியாக எடுத்துச் சொல்கிறான். அந்தப் பருவத்தில் பெண் அடுப்படியில் நிற்கிறாள், துணி துவைக்கிறாள், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பஸ் ஏறிப் போகிறாள். தனக்குள் ஒரு சுமை இருப்பது அவளுக்கே தெரியாது.

அந்த நாட்களில் நடப்பது என்ன?

ஹைளு 28 நாட்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஹைளு தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ 14ஆவது நாளில் அவளுடைய சூற்பையிலிருந்து ஒரு முட்டை வெளிவருகிறது. அது கருவாகும் தகுதியோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். ஆணின் உயிரணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கக்கூடியது. இரண்டும் கருக்குழாயில் ஒன்று சேர்கின்றன. தந்தையிடமிருந்து 23, தாயிடமிருந்து 23 என்று 46 குரோமோசோம்கள் ஒன்றாகின்றன. அத்தஹ்ர் அத்தியாயத்தின் 2ஆவது வசனம், மனிதன் கலப்பான நுத்ஃபாவிலிருந்து படைக்கப்பட்டதைச் சொல்கிறது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் அணு தந்தையிடமிருந்து வருவது. பெண் குழந்தை பிறந்தால் மருமகளை ஏசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஒற்றை அணு இரண்டாகி, நான்காகி, பெருகிக்கொண்டே கருக்குழாய் வழியாக நகர்ந்து கருப்பைக்கு வருகிறது. கூடிய 6ஆவது நாளிலிருந்து 10ஆவது நாளுக்குள் கருப்பையின் உட்சுவரில் ஒட்டிப் பதிகிறது. பதிந்த பிறகுதான் அது இருப்பதற்கான அடையாளம் தாயின் இரத்தத்திலும், பிறகு சிறுநீரிலும் தோன்றும். ஆகவே நாள் தள்ளிப்போய்ச் சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடுகள் தெரியும்போது கருவுக்கு இரண்டு வார வயது ஆகியிருக்கும். டாக்டர்கள் கடைசி ஹைளு தொடங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதால் அதனை 4 வாரம் என்பார்கள். இந்த இரு கணக்கின் வேறுபாடு தெரியாமல், மாப்பிள்ளை ஊருக்கு வந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்து வீண் சந்தேகம் கொள்பவர்களும் உண்டு. அல்லாஹ் பாதுகாப்பானாக!

மூன்றாவது வாரத்தில் கருவின் முதுகுப் பக்கம் ஒரு தகடு தோன்றுகிறது. அதன் இரு ஓரங்களும் எழும்பி, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒரு குழலாக மூடிக்கொள்கின்றன. இதனை நரம்புக் குழல் என்பார்கள். மூளையும் முதுகுத் தண்டும் இதிலிருந்தே உருவாகின்றன. இருதயம் ஏறத்தாழ 22ஆவது நாளில் துடிக்கத் தொடங்குகிறது. நரம்புக் குழல் 28ஆவது நாளுக்குள் முழுவதும் மூடிவிடுகிறது. அப்போது கருவின் நீளம் ஒரு நெல்மணியின் அளவுக்குக்கூட இராது.

28ஆவது நாள் என்றால் ஹைளு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆன சமயம். நம் பெண்களில் பலர் அப்போதுதான் "இந்த மாதம் இன்னும் குளிக்கவில்லையே" என்று தங்களுக்குள் எண்ணத் தொடங்குகிறார்கள். டாக்டரிடம் போவதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மூளைக்கும் முதுகுக்கும் அஸ்திவாரம் இட்டு முடிந்துவிடுகிறது!

குற்றம் யார் மேல்?

இப்போது அந்தத் தம்பியின் முதல் கேள்விக்கு வருவோம்.

தெரிய வந்த கர்ப்பங்களிலேயே நூற்றுக்கு 10 முதல் 20 வரை தாமாகக் கலைந்துவிடுகின்றன. தெரியாமலே கலைபவை இவற்றுக்கு மேல். "இந்த மாதம் நாலு நாள் பிந்தியது, இரத்தம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது" என்று பெண்கள் சொல்வதில் சில இத்தகையவை. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றுள் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கரு உருவான கணத்திலேயே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட கூடுதல் குறைவாகும். குடம் தூக்குவதற்கும் படி ஏறுவதற்கும் முன்பே அது நிகழ்ந்துவிட்டது. அதை அவள் உண்டாக்கவும் இல்லை. தடுக்கவும் அவளால் முடியாது.

அல் ஹஜ் அத்தியாயத்தின் 5ஆவது வசனம், சதைக்கட்டியின் நிலையைச் சொல்லும்போது, முழு வடிவம் பெறுவதும் உண்டு, பெறாததும் உண்டு என்று கூறி, தான் நாடியதையே குறிப்பிட்ட தவணை வரை கருப்பைகளில் தங்க வைப்பதாக அல்லாஹ் அறிவிக்கிறான். வடிவம் பெறாமல் போவதும் அவனுடைய ஏற்பாட்டுக்குள் அடங்கியதே என்று இதிலிருந்து விளங்கவில்லையா?

கிரகணத்தைப் பற்றிய பேச்சுக்குப் பெருமானார் (ஸல்) அவர்களே பதில் தந்துவிட்டார்கள். அவர்களுடைய அருமை மகன் இப்ராஹீம் (ரலி) பாலகராக மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துக்கத்தில் இருந்த தந்தை அந்தப் பேச்சை ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, தொழச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. தம் சொந்த மகனின் மரணத்தையே கிரகணத்தோடு முடிச்சுப் போட அனுமதிக்காத நபியின் உம்மத்தினர் நாம். ஒரு மருமகளின் கண்ணீரைக் கிரகணத்தோடு முடிச்சுப் போடலாமா?

ஆதாரமில்லாமல் ஒரு பெண்ணின் மேல் பழி போடுவது பாவம். கருவை இழந்தவளின் மேல் போடுவது அதனினும் பெரிய பாவம். அவளுக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது ஓய்வும், நல்ல சாப்பாடும், பக்கத்தில் உட்கார்ந்து "அல்லாஹ் இதைவிடச் சிறந்ததைத் தருவான்" என்று சொல்லும் ஒரு வாயும்தான்.

தொழுகையின் சட்டம்

இரண்டாவது கேள்வி தொழுகையைப் பற்றியது. கலைந்த கருவோடு வரும் இரத்தத்தின் சட்டம் மத்ஹபுக்கு ஏற்ப வேறுபடுகிறது.

ஹனஃபி மத்ஹபில், வெளியானதில் கை, கால், விரல், நகம், முடி போன்ற ஏதேனும் ஓர் உறுப்பின் வடிவம் தெரிந்தால் அந்த இரத்தம் நிஃபாஸ் ஆகும். அவ்வாறு தெரியாவிட்டால், முன்னால் 15 நாட்கள் சுத்தமாக இருந்து, இரத்தமும் 3 நாட்களுக்குக் குறையாமல் வந்தால் ஹைளு, இல்லையேல் இஸ்திஹாளா. இஸ்திஹாளாவில் தொழுகையை விடக் கூடாது. ஆறு, ஏழு வாரக் கருவில் உறுப்பு வடிவம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இல்லை.

ஷாஃபிஈ மத்ஹபில், வெளியானது இரத்தக்கட்டியாகவோ சதைக்கட்டியாகவோ இருந்தாலும், அது மனிதக் கருவின் மூலம்தான் என்று விவரம் தெரிந்த மருத்துவச்சிகள் சொன்னால், அதன் பின் வரும் இரத்தம் நிஃபாஸ் ஆகும்.

நான்கு மாதம் நிறையாத கருவுக்கு ஜனாஸாத் தொழுகை இல்லை. சதையாக ஏதேனும் வெளியானால், அதனைச் சுத்தமான துணியில் சுற்றி மரியாதையாக அடக்கிவிட வேண்டும். ஆகவே வீட்டார், வெளியானது என்ன, எத்தனை நாள் இரத்தம் வந்தது என்ற விவரத்தோடு தங்கள் மத்ஹபு ஆலிமிடம் கேட்டு அமல் செய்வது நல்லது. வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்து, கடமையான தொழுகையை விட்டுவிடக் கூடாது.

தெரியாத கருவுக்கும் ஹக்கு உண்டு

மூன்றாவது கேள்வி, அடுத்த தடவைக்கு என்ன செய்வது என்பது. அதற்குப் பதில் சொல்லுமுன் நம் ஷரீஅத்தின் ஓர் அழகைக் காட்ட விரும்புகிறேன்.

கரு இருப்பது தெரிந்த பிறகுதான் அதற்கு உரிமை உண்டு என்று ஷரீஅத் கருதுவதில்லை. தலாக் விடப்பட்ட பெண்ணை மூன்று தவணை இத்தா இருக்கச் சொன்னதன் ஹிக்மத்துகளில் ஒன்று என்ன? அவள் வயிற்றில் யாருக்கும் தெரியாத ஒரு கரு இருக்கலாம். அதன் வம்சம் கலந்துவிடக் கூடாது என்பதுதான். ஒருவர் மனைவியைக் கர்ப்பிணியாக விட்டு மவுத்தாகிவிட்டால், வயிற்றிலுள்ள குழந்தையின் பங்கை ஒதுக்கி வைத்துத்தான் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. கணவனும் மனைவியும் கூடுமுன் ஓதும் துஆவை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாகப் புகாரியில் காண்கிறோம். தங்களை மட்டுமல்லாமல், இனிமேல் அல்லாஹ் தரவிருக்கும் குழந்தையையும் ஷைத்தானிடமிருந்து காக்கும்படி அதிலே வேண்டுகிறார்கள். குழந்தை உருவாகவே இல்லை. ஆயினும் அதற்கான பாதுகாப்பு கேட்கப்பட்டுவிட்டது!

ரூஹ் ஊதப்படுவது 120 நாட்களுக்குப் பிறகு என்பது, இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸைக் கொண்டு அறிஞர்கள் விளக்கியதாகும். அதற்கு முந்தைய நாட்களை அலட்சியப்படுத்தலாம் என்பது அதன் பொருளன்று. உருவாகுமுன்பே துஆவைப் பெற்ற குழந்தைக்கு, உருவாகுமுன்பே நம் கவனத்தைப் பெறும் ஹக்கும் உண்டு. துஆவை முன்கூட்டி ஓதுகிறவர்கள், உடலையும் முன்கூட்டி ஆயத்தம் செய்ய வேண்டாமா?

கோஷா ஆஸ்பத்திரியில் தேடப்பட்ட ஒரு சத்து

இந்த முன்னாயத்தத்தில் முதலிடம் பெறும் பொருள் ஒரு சிறு மாத்திரை. அதன் வரலாற்றில் நம் இந்திய முஸ்லிம் பெண்களுக்கும் பங்கு உண்டு.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தனர். காரணத்தைத் தேடி அவர்களுடைய சாப்பாட்டை ஆராய்ந்தபோது, மிகவும் சத்துக் குறைந்த உணவு உண்டவர்களும், இந்நோய்க்கு அதிகமாக இரையானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்று அவர் கண்டார். 1929இல் நம் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் தம் பணியைத் தொடர்ந்தார். கோஷா இருக்கும் பெண்களும் வந்து வைத்தியம் பெறுவதற்காக 1885இல் தொடங்கப்பட்ட அந்த ஆஸ்பத்திரி, இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் திருவல்லிக்கேணியில் நடக்கிறது. ஈஸ்டின் சாற்றைக் கொடுத்தால் அந்த இரத்தசோகை குணமாகிறது என்று 1931இல் அவர் வெளியிட்டார்.

அந்தச் சாற்றில் இருந்த சத்து எது என்பது பின்னர் தெரிந்தது. 1941இல் பசலை இனக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதற்கும் 50 ஆண்டுகள் கழித்து இன்னோர் உண்மை வெளியாயிற்று. நரம்புக் குழல் மூடாத குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களிடையே 7 நாடுகளில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 1991இல் வெளிவந்தது. கருத்தரிக்குமுன்பே இச்சத்தை உட்கொண்டவர்களுக்கு அதே குறை மறுபடி ஏற்படுவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்திருந்தது.

நரம்புக் குழல் கீழ்ப்புறம் மூடாவிட்டால் குழந்தை முதுகில் பிளவோடு பிறக்கும். கால்கள் செயலிழக்கலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். மேற்புறம் மூடாவிட்டால் மண்டையும் மூளையும் முழுமை பெறாமல், குழந்தை பிழைப்பதே இல்லை. இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கக்கூடிய மாத்திரை சில காசுகளுக்குக் கிடைக்கிறது. அரசு சுகாதார நிலையத்திலும் கேட்டுப் பெறலாம். ஆனால் 28ஆவது நாளுக்குப் பிறகு தொடங்கினால் இந்த ஒரு பலன் கைநழுவிவிடும். ஆகவேதான் கருத்தரிக்க நாடும் பெண்கள், அதற்கு முன்பிருந்தே தொடங்கி 12ஆவது வாரம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குவது நல்லது.

உழவு விதைப்புக்கு முன்

எங்கள் ஆழ்வார்திருநகரி தாமிரபரணிக் கரையில் உள்ளது. சுற்றிலும் வயலும் வாழைத் தோட்டமும். காருக்கோ பிசானத்துக்கோ விதைக்கிறவர் யாரும், விதையைத் தூவிவிட்டு அப்புறம் ஏரைத் தேடிப் போவதில்லை. வரப்பை வெட்டி, தொளியைக் கலக்கி, நாற்றங்காலைச் சமன்படுத்தி, விதை நெல்லை ஊறப்போட்ட பிறகுதான் விதைக்கிறார். அல் பகரா அத்தியாயத்தின் 223ஆவது வசனம் மனைவியரை விளைநிலத்துக்கு ஒப்பிட்டு, அதே மூச்சில் உங்களுக்காக நன்மையை முற்படுத்தி வையுங்கள், அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்றும் கட்டளையிடுகிறது. விளைநிலத்தைப் பேணாதவன் விளைச்சலைப் பற்றிக் குறை பேசலாமா?

அந்த உழவு எது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மேலே சொன்ன மாத்திரை. முன்பு இத்தகைய குறையுள்ள குழந்தை பெற்றவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து உண்பவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். அதனை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, பரிசோதனை. இரத்தத்தின் அளவு, சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, இரத்தப் பிரிவு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. கட்டுப்படாத சர்க்கரை, அந்த முதல் வாரங்களில் கருவின் இருதயத்துக்கும் நரம்புக்கும் கேடு செய்யும். ருபெல்லா தடுப்பூசி போடாதவர்கள் இப்போது போட்டுக்கொள்ளலாம். போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

மூன்றாவது, மருந்துகள். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் அதைக் கொடுத்தார்கள். 1961இல் அது நிறுத்தப்படுவதற்குள், பல நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகியும் வேறு குறைகளோடும் பிறந்துவிட்டன. கருவின் முதல் வாரங்களில்தான் அது வேலை செய்தது. ஆகவே வலிப்பு மருந்தோ, முகப்பரு மாத்திரையோ, நாட்டு மருந்தோ எதை உண்பவராயினும், "நாங்கள் குழந்தைக்கு நாடியிருக்கிறோம்" என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நான்காவது, உணவு. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவை நம் வீடுகளில் எப்போதும் கிடைப்பவை. கீரையை நெடுநேரம் வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் போய்விடும். உணவு மாத்திரைக்கு ஈடாகாது. மாத்திரையும் உணவுக்கு ஈடாகாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று ஈரலை அடிக்கடி சமைத்துக் கொடுப்பது நம் வழக்கம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். அளவு மீறினால் இளங்கருவுக்கு அது தீங்காகும் என்பதால், அந்த மாதங்களில் அதைத் தவிர்ப்பதே பேணுதல்.

ஐந்தாவது, உறவுத் திருமணம். மாமன் மகள், சின்னவாப்பா மகள் ஆகியோரை மணப்பது ஷரீஅத்தில் ஆகும், ஆனால் கட்டாயமன்று. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களையும் சேர்த்து நடத்திய ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. பிறவிக் குறையோடு பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3 என்பது, நேரடி உறவுத் திருமணங்களில் 6 ஆக இருந்தது. நூற்றில் 94 குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் இதிலேயே உண்டு. ஆகையால் பயப்பட வேண்டாம். ஆனால் குடும்பத்தில் அதே குறை திரும்பத் திரும்ப வந்திருந்தால், அதனை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும்.

ஆறாவது, ஆணின் பங்கு. ஆணின் உயிரணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. ஊருக்கு விமானம் ஏறும் அன்று சிகரெட்டை நிறுத்துவது போதாது. மூன்று மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வீட்டுக்குள் பிடிக்கும் பீடிப் புகையும் மனைவியின் மூச்சில்தான் போய்ச் சேருகிறது.

சபராளிகளின் கவனத்துக்கு

விடுமுறையில் வரும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடுமுறைத் தேதி உறுதியானதும் வீட்டுக்குச் சொல்லுகிறீர்கள். வாசனைத் திரவியமும் கம்பளியும் வாங்கத் தொடங்குகிறீர்கள். அன்றைக்கே, "ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கிவிடு, ஒரு தடவை டாக்டரைப் பார்த்து வா" என்று மனைவியிடம் சொன்னால், அது நீங்கள் கொண்டுவரும் எல்லாச் சாமான்களிலும் மேலான அன்பளிப்பாகும்.

ஒரு மாதத்தில் கரு தரிக்கக்கூடிய நாட்கள் சுமார் ஆறுதான்: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். நாற்பது நாள் விடுமுறையில் அத்தகைய வாய்ப்பு ஒன்றோ இரண்டோதான் வரும். குறை ஏதுமில்லாத தம்பதிகளுக்கும் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் பரிசோதனை தேவையா என்று டாக்டர்கள் பார்க்கிறார்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்தில். இரண்டு விடுமுறைகளைக் கூட்டினாலும் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் "கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒன்றுமில்லை" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்வது என்ன நியாயம்? பெண் மக்களையும் ஆண் மக்களையும், இரண்டையும் கலந்தும் தருபவனும், நாடியோரைப் பிள்ளையில்லாதோராக ஆக்குபவனும் அல்லாஹ்வே என்று அஷ்ஷூரா அத்தியாயம் கூறுகிறது. பரிசோதனை தேவைப்பட்டால் முதலில் ஆணும் போக வேண்டும். காரணம் இருவரில் எவரிடமும் இருக்கலாம்.

நோன்பும் இளங்கர்ப்பமும்

கரு இருப்பது தெரியாமல் ரமளான் நோன்பு பிடித்துவிட்டால் நோன்பு கூடிவிடும். அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. தெரிந்த பிறகு, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு வரும் என்று அனுபவத்தாலோ நம்பகமான டாக்டரின் சொல்லாலோ பயந்தால், நோன்பை விட்டுவிட மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபில் அவள் களா மட்டும் செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில், குழந்தைக்காக மட்டும் பயந்து விட்டிருந்தால் களாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து தானியம் ஃபித்யாவும் கொடுக்க வேண்டும். தனக்காகப் பயந்து விட்டிருந்தால் களா மட்டுமே. வாந்தியும் மயக்கமுமாகக் கிடக்கும் பெண்ணை, "நாங்களெல்லாம் பிடிக்கவில்லையா?" என்று கேட்டு நெருக்குவது தீனுக்குச் செய்யும் சேவையன்று. அல்லாஹ் தந்த சலுகையைத் தடுக்க நமக்கு உரிமை கிடையாது.

தெரிந்தவுடன்

நாள் தள்ளியவுடன் சோதித்துப் பார்த்து, கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து பிக்மி எண் வாங்கிக்கொள்ள வேண்டும். கண் படும் என்று மூன்று மாதம் வரை மூடி வைப்பவர்கள் உண்டு. ஊராரிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். டாக்டரிடம் மறைப்பது பேணுதலாகாது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், இரத்தப்போக்கு ஆகியவை தோன்றினால், கரு கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும். அது தாயின் உயிரைக் குடித்துவிடும். இரவானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டில் ஆண்கள் இல்லை என்று காத்திருக்கக் கூடாது.

தவக்குல் எது?

இவ்வளவும் செய்தால் கரு கலையாதா? குறை வராதா? வரலாம். நான் முன்னர் சொன்னபடி, மனிதர் கையில் இல்லாத காரணங்கள் பல. ஆகவே ஆயத்தம் செய்யாதவளைப் பார்த்து, "நீ மாத்திரை சாப்பிடவில்லை, அதனால்தான்" என்று இந்தக் கட்டுரையைக் காட்டியே ஏசிவிடாதீர்கள். கிரகணப் பழி போய் மாத்திரைப் பழி வந்ததாக ஆகிவிடும்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்னதாகத் திர்மிதியில் வருகிறது. கட்டுவது நம் வேலை. கட்டிய பிறகும் போய்விட்டால் அது கத்ரு. அப்போது பொறுமைக்குக் கூலி உண்டு, பழிக்கு இடமில்லை.

இவற்றையெல்லாம் சொன்னதும் அந்தத் தம்பி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஹஜ்ரத், இதை எங்கள் உம்மாவிடம் நீங்களே வந்து ஒரு தடவை சொல்லிவிடுங்களேன்" என்றார். மறுநாள் அஸருக்குப் பின் போனேன். திரைக்கு அப்பாலிருந்து உம்மாவும் பெத்தும்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முடித்த பின் பெத்தும்மாவின் குரல் மெதுவாக வந்தது: "எனக்கும் முதல் இரண்டும் தங்கவில்லை வாப்பா. அப்போது என் மாமியும் என்னை இப்படித்தான் சொன்னார்கள்."

ஐம்பது அறுபது வருஷங்களாக ஒரு பெண் சுமந்து வந்த பழி அது. அதையே, தெரியாமல், பேரனின் மனைவி தலையிலும் ஏற்றி வைத்துவிட்டார். இந்தச் சங்கிலி நம் காலத்தோடு அறுபடட்டும்.

யா அல்லாஹ்! ஜகரிய்யா (அலை) அவர்கள் வேண்டியதைப் போல் நல்ல சந்ததியை எங்களுக்கும் தருவாயாக! நாங்கள் அறியாத நாட்களிலும் எங்கள் குழந்தைகளைக் காப்பாயாக! இழந்தவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதலையும், எங்கள் நாவுகளுக்கு அடக்கத்தையும் அருள்வாயாக! ஆமீன்.